சிபில் ஸ்கோரை நாமே பார்த்தால் குறையுமா? இலவசமாகப் பார்க்க எது சரியான வழி?

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கினால் இப்படி வரும். கடனை எவ்வளவு ஒழுங்காகக் கட்டுகிறீர்கள் என்பதற்கான மதிப்பெண்தான் இந்த ஸ்கோர். ஒரு மொபைல் ஆப்பில் அது உங்களுக்கு 768, இன்னொன்றில் 731. எதை நம்புவது? அடிக்கடி பார்த்தால் குறைந்துவிடும் என்று மைத்துனர் பயமுறுத்துகிறார். பார்த்த மறுநாளிலிருந்து "சார், லோன் வேணுமா" என்று போன் மேல் போன். அடுத்த வருடம் வீட்டுக் கடன் போடும் எண்ணம் இருப்பதால், காசு செலவழிக்காமல் இதைக் கவனித்துவர வழி இருக்கிறதா? இருக்கிறது. ஆனால் உங்களுக்கு உண்மையில் தெரிய வேண்டியது ஸ்கோர் எவ்வளவு என்பதைவிட, கடன் கேட்டுப் போகும் நாளில் வங்கிக்காரர் உங்களைப் பற்றி என்ன படிக்கப்போகிறார் என்பதுதான். வங்கியில் கடன் பிரிவில் பல வருடம் உட்கார்ந்து, இந்த ஸ்கோரோடு வரும் கடன் வரலாற்று ரிப்போர்ட்களைப் புரட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன்: மூன்று இலக்க எண்ணைப் பார்த்துவிட்டு மூடி வைப்பவர்கள்தான் அதிகம். பிரச்சினை இருப்பதோ அதற்குக் கீழே உள்ள பக்கங்களில்.

முதலில் பயத்தைத் தீர்த்துவிடலாம். உங்கள் ரிப்போர்ட்டை நீங்களே எத்தனை முறை பார்த்தாலும் ஸ்கோர் குறையாது. இதில் சந்தேகமே வேண்டாம். கடன் அல்லது கிரெடிட் கார்டுக்கு நீங்கள் விண்ணப்பித்து, அதற்காக வங்கியோ நிதி நிறுவனமோ உங்கள் ரிப்போர்ட்டை எடுக்கும்போதுதான் அது விசாரணையாகப் பதிவாகிறது. குறுகிய காலத்தில் அப்படிப் பல பதிவுகள் சேர்ந்தால் ஸ்கோர் கொஞ்சம் இறங்கலாம். மைத்துனர் எங்கோ கேட்டது இந்த இரண்டாவது விஷயமாக இருக்கும், இரண்டும் கலந்துவிட்டன. ஒரு இடத்தில் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள். ஆப்பில் 'ஸ்கோர் பார்க்க' என்ற பட்டனுக்குப் பக்கத்திலேயே 'உங்களுக்கு எவ்வளவு கடன் கிடைக்கும்' என்று இன்னொரு பட்டன் மின்னும். அதை அமுக்கி, விவரம் நிரப்பி, ஓடிபி கொடுத்தீர்கள் என்றால் சில இடங்களில் அது விண்ணப்பமாகவே போய்விடும்.

அடுத்தது, எண் ஏன் மாறுகிறது என்பது. வங்கிகளிடமிருந்து கடன் விவரங்களைத் திரட்டி இந்த ரிப்போர்ட்டைத் தயாரிப்பவை கடன் தகவல் நிறுவனங்கள். இந்தியாவில் ரிசர்வ் வங்கியின் உரிமம் பெற்றவை நான்கு: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க். சிபில் 2000-இல் தொடங்கிய மூத்த நிறுவனம் என்பதால் நம் ஊரில் ஸ்கோர் என்றாலே சிபில் என்று ஆகிவிட்டது. நான்குமே 300 முதல் 900 வரையிலான எண்ணைத்தான் தருகின்றன. ஆனால் ஒவ்வொன்றின் கணக்கு முறையும் வேறு, அந்தச் சூத்திரத்தை யாரும் முழுதாக வெளியிடுவதும் இல்லை. ஒரு ஆப் எக்ஸ்பீரியனிடமிருந்து எடுக்கும், இன்னொன்று சிபிலிடமிருந்து எடுக்கும். போன வாரம் நீங்கள் கட்டிய கார்டு பில் ஒன்றில் ஏறியிருக்கும், மற்றதில் ஏறியிருக்காது. அதனால் 768, 731 இரண்டுமே நிஜமாக இருக்கலாம். திரையில் ஸ்கோருக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் எந்த நிறுவனத்தின் பெயர், எந்தத் தேதி என்று இருக்கும். அதைப் பார்க்காமல் இரண்டு எண்களை ஒப்பிடுவதில் பொருள் இல்லை. ஒரே நிறுவனத்தின் ஸ்கோர் இரண்டு மாதத்தில் அறுபது எழுபது புள்ளி விழுந்திருந்தால்தான் காரணம் தேட வேண்டும்.

இனி இலவசம். இது யாரும் தயவில் தருவதில்லை, உங்கள் உரிமை. ரிசர்வ் வங்கி 2016 செப்டம்பரில் போட்ட உத்தரவின்படி, 2017 ஜனவரி 1 முதல் இந்த நான்கு நிறுவனங்களும் ஒவ்வொருவருக்கும் ஒரு காலண்டர் வருடத்தில் ஒரு முறை முழு ரிப்போர்ட்டை, ஸ்கோரோடு சேர்த்து, இலவசமாகத் தர வேண்டும். 'முழு' என்ற சொல்லைக் கவனியுங்கள். சுருக்கப்பட்ட மாதிரிப் பக்கம் தந்து கைகழுவ முடியாது. நான்கு நிறுவனம் என்றால் வருடத்துக்கு நான்கு ரிப்போர்ட். அதற்கு மேல் வேண்டுமென்றால், ஒரு ரிப்போர்ட்டுக்கு 100 ரூபாய் வரை வாங்கலாம் என்று நாடாளுமன்றத்தில் மத்திய அரசு 2025-இல் சொல்லியிருக்கிறது. தளங்களில் விற்கும் மாத, வருடச் சந்தா வேறு கதை. சாதாரணமாக வீட்டுக் கடன் போடும் ஒருவருக்கு அது தேவைப்பட்டு நான் பார்த்ததில்லை.

எடுக்கும் முறை எளிதுதான். அந்தந்த நிறுவனத்தின் சொந்தத் தளத்துக்குப் போய், பெயர், பிறந்த தேதி, பான் எண், மொபைல், மின்னஞ்சல் கொடுத்து, ஓடிபி போட்டால் பெரும்பாலும் முடிந்தது. சில சமயம் 'எந்த வங்கியில் கார்டு வைத்திருக்கிறீர்கள்' என்பது போல ஒன்றிரண்டு கேள்விகள் வரும். நீங்கள்தானா என்று சரிபார்க்கத்தான். நடுவில் சந்தாத் திட்டங்களைப் பெரிய பெரிய கட்டங்களில் காட்டுவார்கள். இலவசத்துக்கான வழி மூலையில் சிறியதாக இருக்கும். தேடிப் பிடியுங்கள். பக்க அமைப்பை அடிக்கடி மாற்றுகிறார்கள் என்பதால் எந்த பட்டனை அமுக்க வேண்டும் என்று நான் எழுதினால் நாளைக்கே பொய்யாகிவிடும். வாட்ஸ்அப்பில் வரும் 'இலவச சிபில்' லிங்க்கைத் தொட வேண்டாம். பான், பிறந்த தேதி, ஓடிபி மூன்றும் ஒரே நேரத்தில் கேட்கப்படும் இடம் இது.

நான் எல்லோருக்கும் சொல்லும் ஏற்பாடு ஒன்று உண்டு. நான்கையும் ஒரே நாளில் எடுத்துவிடாமல், மூன்று மாதத்துக்கு ஒரு நிறுவனம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். எல்லா வங்கிகளும் நிதி நிறுவனங்களும் நான்கிலும் உறுப்பினராக இருக்க வேண்டும் என்பது 2015 முதல் விதி. அதனால் ஒன்றில் தெரியும் கடன் பொதுவாக மற்றவற்றிலும் தெரியும். வருடம் முழுக்க ஒரு கண் வைத்தது போல ஆகிவிடும். வீட்டுக் கடன் போடப்போகும் வருடத்துக்கு இது பொருந்தாது, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

அப்படியென்றால் ஆப்கள் வேண்டாமா? அவசியம் ஒதுக்க வேண்டும் என்று சொல்ல மாட்டேன். மாதம் ஒரு முறை எண் எங்கே போகிறது என்று பார்க்க வசதியாகத்தான் இருக்கின்றன. முடிந்தவரை நீங்கள் ஏற்கெனவே கணக்கு வைத்திருக்கும் வங்கியின் ஆப்பிலேயே இந்த வசதி இருக்கிறதா என்று பாருங்கள். புதிதாக யாருக்கும் விவரம் போகாது. மற்ற ஆப்கள் இலவசமாகத் தருவதன் காரணம் எளிது. உங்களுக்கு யாராவது கடனோ கார்டோ விற்றால் அவர்களுக்குக் கமிஷன். உங்கள் ரிப்போர்ட் கையில் இருந்தால், யாருக்கு எதை விற்கலாம் என்று தெரிந்துவிடும். உங்களுக்கு வரும் போன்கள் அங்கிருந்துதான் வந்திருக்கும் என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் மறுநாளே தொடங்கியது என்றால் சந்தேகம் அங்கேதான் போகிறது. ஆப்பை அழித்துவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். நீங்கள் கொடுத்த சம்மதம் அப்படியே இருக்கும். அழிப்பதற்கு முன் அமைப்புப் பக்கத்துக்குப் போய்ச் சம்மதத்தைத் திரும்பப் பெற்று, கணக்கை மூடச் சொல்லிவிட்டு, அப்புறம் அழியுங்கள்.

கண்காணிப்புக்கு இன்னும் ஒரு இலவச வழி இருக்கிறது, பலருக்குத் தெரியாது. 2023 அக்டோபரில் ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவின்படி, ஒரு வங்கியோ நிதி நிறுவனமோ உங்கள் ரிப்போர்ட்டை எடுத்தால், கடன் தகவல் நிறுவனம் உங்களுக்கு எஸ்எம்எஸ்ஸோ மின்னஞ்சலோ அனுப்ப வேண்டும். இது 2024 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. நீங்கள் எங்கும் கடன் கேட்காத நாளில் இப்படி ஒரு செய்தி வந்தால், உங்கள் பான் எண்ணை வேறு யாரோ எங்கோ பயன்படுத்தியிருக்கிறார்கள் என்பதற்கு முதல் தடயம் அதுதான். ஆனால் இது வேலை செய்ய, வங்கியில் பதிவான உங்கள் மொபைல் எண் இப்போது கையில் இருப்பதாக இருக்க வேண்டும். பழைய சிம்மைத் தூக்கிப்போட்டுவிட்டு எண்ணை மாற்றாமல் இருப்பவர்கள் ஏராளம்.

சரி, ரிப்போர்ட் கையில் வந்துவிட்டது. எதைப் படிப்பது? முதல் பக்கத்தில் பெயர், பிறந்த தேதி, பான், முகவரிகள், மொபைல் எண்கள் இருக்கும். தெரியாத முகவரியோ எண்ணோ இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். நம் பக்கத்தில் இனிஷியலால் வரும் குழப்பம் அதிகம். அப்பா பெயர் ஒரு இடத்தில் முன்னால், ஒரு இடத்தில் பின்னால், ஒரு இடத்தில் விரித்து என்று இருக்கும். அதனால் மட்டுமே பயப்பட வேண்டியதில்லை. அதன் விளைவாக இன்னொருவரின் கடன் உங்கள் பெயரில் ஏறியிருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

பிறகு கடன் கணக்குகள். ஒவ்வொரு கடனுக்கும் ஒரு கட்டம்: கொடுத்தவர் பெயர், என்ன வகைக் கடன், தொடங்கிய தேதி, கொடுத்த தொகை, இப்போதைய நிலுவை, தவறிய தொகை, மூடிய தேதி. இதில் நான் முதலில் கண்ணை ஓட்டுவது மூடிய தேதியில். நகைக்கடனைத் திருப்பி, நகையை வாங்கிப் பீரோவில் வைத்து இரண்டு வருடம் ஆகியிருக்கும். ரிப்போர்ட்டில் நிலுவை பூஜ்யம், ஆனால் மூடிய தேதி காலி. அது இன்னும் ஓடும் கடனாகவே காட்டும். தவணையில் வாங்கிய போன், டிவி விஷயத்தில் இது வேறு மாதிரி வரும். ஏதோ ஒரு மாதத் தவணை, கணக்கில் பணம் இல்லாமல் ரிட்டர்ன் ஆகி, வாங்கியவர் மறுவாரம் கட்டிவிட்டிருப்பார். ஆனால் ரிட்டர்ன் ஆனதற்கான அபராதம் சில நூறு ரூபாய் நின்றுபோயிருக்கும். அந்தச் சில நூறு ரூபாய் மாதாமாதம் 'தவறிய தொகை' என்று ஏறிக்கொண்டே போகும். லட்சக்கணக்கில் சம்பளம் வாங்குபவரின் வீட்டுக் கடன் கோப்பு இதற்காக மேஜையில் நின்றதை நான் பார்த்திருக்கிறேன்.

ஒவ்வொரு கடனுக்கும் கீழே மாதவாரியாக ஒரு கட்டம் வரும். சிபில் ரிப்போர்ட்டில் 36 மாதம் வரை தெரியும். ஒவ்வொரு மாதத்துக்கும் மூன்று எழுத்தோ எண்ணோ. 000 என்றால் தாமதம் இல்லை. 030 என்றால் முப்பது நாள் தாமதம், 090 என்றால் தொண்ணூறு. 'எஸ்டிடி' என்பது தாமதம் தொண்ணூறு நாளைத் தாண்டாத கணக்கு. 'எக்ஸ்எக்ஸ்எக்ஸ்' என்று இருந்தால் ஏதோ பெருங்குற்றம் என்று பதறுகிறார்கள். அந்த மாதத் தகவலை வங்கி அனுப்பவில்லை என்பதுதான் அதன் பொருள். 'எஸ்யூபி', 'டிபிடி', 'எல்எஸ்எஸ்' இவற்றில் ஏதாவது இருந்தால்தான் பெரிய கவலை. கடன் வாராக்கடன் பட்டியலுக்குள் போயிருக்கிறது என்று பொருள்.

'செட்டில்டு' என்ற சொல் தனியாகப் பேச வேண்டியது. வசூல் ஆள் வந்து "ஒரு லட்சத்துக்கு அறுபதாயிரம் கட்டிடுங்க, முடிச்சிடலாம்" என்பார். கட்டியவர் கடன் தீர்ந்தது என்று நிம்மதியாக இருப்பார். ரிப்போர்ட்டிலோ 'குளோஸ்டு' என்று வராது, 'செட்டில்டு' என்று வரும். அடுத்து படிக்கும் வங்கிக்காரருக்கு அது சொல்வது, இவர் முழுதாகக் கட்டவில்லை, யாரோ விட்டுக்கொடுத்தார்கள் என்பது. இந்தத் தகவல்களைக் குறைந்தது ஏழு வருடம் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. வழி என்னவென்றால், அதே நிறுவனத்திடம் பேசி, விட்டுக்கொடுத்த மிச்சத்தையும் கட்டி, 'குளோஸ்டு' என்று மாற்றித் தருவோம் என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு முடிப்பது. எல்லா இடத்திலும் ஒத்துக்கொள்வார்கள் என்று உத்தரவாதம் இல்லை. ஆனால் கேட்டுப் பார்த்தவர்களுக்குப் பல முறை நடந்திருக்கிறது.

அடுத்து, அந்தக் கடனில் நீங்கள் யார் என்ற கட்டம். சொந்தக் கடனா, கூட்டுக் கடனா, ஜாமீனா என்று இருக்கும். பங்காளியின் டிராக்டர் கடனுக்கு எப்போதோ போட்ட ஜாமீன் கையெழுத்து இங்கே வந்து நிற்கும். அவர் கட்டவில்லை என்றால் தாமதம் உங்கள் ரிப்போர்ட்டிலும் தெரியும். வாரத் தவணையில் குழுக்கடன் வாங்கிய பெண்களின் கணக்குகளும் வருகின்றன. நுண்கடன் நிறுவனங்களும் தகவல் அனுப்பியாக வேண்டும். பக்கத்துத் தெரு அடகுக்கடை, ஏலச்சீட்டு, கைமாற்று இவையெல்லாம் வராது.

தெரியாத பெயரில் கடன் இருந்தால் உடனே மோசடி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஆப்பில் பொருள் வாங்கி 'அப்புறம் கட்டு' வசதியைப் பயன்படுத்தியிருந்தால், கடன் கொடுத்தது அந்த ஆப்பாக இருக்காது. பின்னால் உள்ள ஒரு நிதி நிறுவனம். ரிப்போர்ட்டில் அதன் பெயர்தான் வரும். தொகையையும் தேதியையும் உங்கள் பழைய செய்திகளோடு ஒப்பிட்டால் பிடிபட்டுவிடும். அப்படியும் பொருந்தவில்லை, நிச்சயமாக உங்கள் கடன் இல்லை என்றால், கடன் கொடுத்த நிறுவனத்துக்கு எழுத்தில் புகார், கடன் தகவல் நிறுவனத்தில் மறுப்பு, 1930 எண்ணில் சைபர் குற்றப் புகார், மூன்றும் அன்றைக்கே போக வேண்டும்.

கடைசிப் பகுதி விசாரணைகள். யார், எந்தத் தேதியில், என்ன கடனுக்காக உங்கள் ரிப்போர்ட்டை எடுத்தார்கள் என்ற பட்டியல். "நாலைஞ்சு பேங்க்ல போட்டுப் பாக்கறேன் சார், எதுல கம்மி வட்டியோ அதுல எடுத்துக்கலாம்" என்று சொல்லும் ஏஜென்ட்டின் கைவண்ணம் இங்கேதான் தெரியும். ஒரே வாரத்தில் ஐந்து பெயர் வரிசையாக இருந்தால், படிப்பவர் இவருக்கு என்ன அவசரம் என்று யோசிப்பார்.

தவறு இருந்தால் திருத்துவதற்கும் காசு கிடையாது. அந்த நிறுவனத்தின் தளத்திலேயே மறுப்புப் பதிவு செய்யலாம். அவர்களாக எதையும் மாற்ற முடியாது. கடன் கொடுத்தவரிடம் கேட்டு, அவர் சொன்ன பிறகுதான் மாற்றுவார்கள். அதனால் வங்கிக்கும் நேரடியாகக் கடிதம் கொடுத்து, பாக்கி எதுவும் இல்லை என்று அவர்கள் தந்த 'நோ டியூஸ்' சான்றிதழின் நகலை இணைத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கி வையுங்கள். புகார் கொடுத்து 30 நாளுக்குள் தீரவில்லை என்றால், அதற்கு மேல் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உங்களுக்கு வர வேண்டும். வங்கி 21 நாளுக்குள் திருத்திய தகவலை அனுப்பாமல் இழுத்தடித்திருந்தால் வங்கி தரும். வங்கி அனுப்பியும் இவர்கள் ஏற்றவில்லை என்றால் கடன் தகவல் நிறுவனம் தரும். தரவில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் ஆன்லைனில் புகார் போடலாம். கடன் தகவல் நிறுவனங்கள் 2022 செப்டம்பர் முதல் அந்தத் திட்டத்துக்குள் வந்துவிட்டன. ஆனால் ஸ்கோர் ஏன் 750 வரவில்லை, 731 எப்படிக் கணக்கிட்டீர்கள் என்ற சண்டைக்கு இந்த இழப்பீடு கிடையாது. தகவல் தவறு என்றுதான் சண்டை போட முடியும். 'பத்து நாளில் சிபில் ஏற்றித் தருகிறோம்' என்று பணம் கேட்பவர்கள் செய்வதெல்லாம் நீங்கள் இலவசமாகச் செய்யக்கூடிய இதே மறுப்புப் பதிவைத்தான். சரியான தகவலை அவர்களாலும் அழிக்க முடியாது.

இவ்வளவும் விதி. இனி வருவது பழக்கம், ஊருக்கு ஊர், வங்கிக்கு வங்கி மாறுவது. 750 இருந்தால்தான் கடன் என்று ரிசர்வ் வங்கி எங்கும் சொல்லவில்லை. குறைந்தபட்ச ஸ்கோர் எதையும் அது நிர்ணயிக்கவில்லை. முதன்முதலாகக் கடன் கேட்பவருக்கு வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக மறுக்கக் கூடாது என்றும் அது அறிவுறுத்தியிருக்கிறது. 750 என்பது வங்கிகள் தாங்களாக வைத்துக்கொண்ட கோடு. சில இடங்களில் கோட்டுக்கு மேலே இருந்தால் வட்டி கால் சதவீதம் குறையலாம், சில இடங்களில் ஒன்றும் ஆகாது. கார்டு வரம்பில் 30 சதவீதத்துக்கு மேல் செலவழிக்காதே என்பதும் இப்படி ஒரு நடைமுறை அறிவுரைதான். வரம்பை ஒட்டி மாதாமாதம் செலவு செய்தால் ஸ்கோர் இறங்குவதைப் பார்த்திருக்கிறேன், ஆனால் 30-இல் ஏதோ மந்திரக்கோடு இருப்பதாக நான் நம்பவில்லை. பழைய கார்டை மூடலாமா என்ற கேள்விக்கும் ஒரே பதில் கிடையாது. வருடக் கட்டணம் இல்லாத பழைய கார்டு என்றால் வைத்துக்கொள்ளுங்கள் என்பேன்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். வீட்டுக் கடன் போடும் வருடத்தில் மட்டும், விண்ணப்பத்துக்கு நான்கு மாதம் முன்பே நான்கு ரிப்போர்ட்டையும் எடுத்துவிடுங்கள். 2025 ஜனவரி முதல் வங்கிகள் மாதம் இருமுறையாவது கடன் தகவல் நிறுவனங்களுக்குத் தகவல் அனுப்ப வேண்டும். அதனால் இன்று அடைத்த பாக்கி முன்பு போல ஒன்றரை மாதம் காத்திருக்காமல் சில வாரத்தில் தெரிந்துவிடும். மறுப்பு போட்டால் 30 நாள், ஒரு முறை தவறினால் இன்னொரு 30 நாள் என்று வைத்தாலும் நான்கு மாதம் போதும். அந்த நான்கு மாதத்தில் புது கார்டு, தவணையில் போன், ஏஜென்ட்டிடம் 'சும்மா செக் பண்ணச் சொன்னேன்' எதுவும் வேண்டாம். மனைவியையும் கூட்டு விண்ணப்பதாரராகச் சேர்ப்பதாக இருந்தால் அவருடைய நான்கு ரிப்போர்ட்டையும் அவருடைய மொபைலில், அவர் பெயரில் எடுத்துப் பாருங்கள். வங்கி இரண்டு பேருடையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் படிக்கும். கல்யாணத்துக்கு முன் அவர் வாங்கிய கல்விக் கடன் பற்றி உங்களுக்குத் தெரியாமல் வங்கிக்குத் தெரிந்திருப்பது அபூர்வமில்லை.